மூன்றாம் வகுப்பு ஆங்கிலச் சொற்கள்: துணிப்பை விளையாட்டு

வணக்கம் டீச்சர். பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் பட அட்டையைப் பார்த்துக் கோரஸாகச் சொல்கிறார்கள், மறுநாள் தனியாகக் கேட்டால் முழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோரஸில் நாலு பேர்தான் சொல்வார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

ஒரு துணிப்பையில் சிப்பி, கயிறு, ஸ்பூன், பஞ்சு என்று ஆறேழு பொருள் போடுங்கள். ஒரு பிள்ளை கண்ணை மூடிக் கைவிட்டுத் தடவட்டும். மற்றவர்கள் 'ஹார்டா, சாஃப்ட்டா? பிக்கா, ஸ்மாலா?' என்று கேட்க, பதில் சொல்லிவிட்டு, கடைசியில் 'ஷெல்' என்று சொல்லித்தான் வெளியே எடுக்க வேண்டும். நம் கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்கொட்டை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதைப் போடாதீர்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அடுத்த வாரம் பொருளை மாற்றும்போது பழையதில் இரண்டைப் பையிலேயே விட்டுவையுங்கள். கொஞ்சம் மறந்து, யோசித்துச் சொல்லும்போதுதான் சொல் மனதில் தங்கும்.

வினைச்சொல்லுக்குப் பாண்டிக் கட்டம் போதும், கட்டத்துக்கு ஒரு சொல் எழுதுங்கள். சில்லு 'ஜம்ப்'பில் விழுந்தால் குதிக்கணும், 'கிளாப்'பில் விழுந்தால் தட்டணும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்காகச் சொல்லுக்குப் பக்கத்திலேயே சின்னக் கோட்டுப்படம் போடுங்கள்.

பாட நேரம் போகிறதே என்று யாராவது கேட்டால், தொடக்கப் பள்ளிகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே செயல்பாட்டு வழியில்தான் நடக்கிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், மார்க் போட்டு ஜெயித்த அணி, தோற்ற அணி என்று பிரிக்க வேண்டாம். வாய் திறக்கவே தயங்கும் பிள்ளை இன்னும் பின்னால் போய் உட்கார்ந்துவிடும்.