டல்லாஸ், நியூஜெர்சி, சியாட்டில், மினியாபொலிஸ்: குடும்பத்தோடு எங்கே போவது?

கேள்வி: கணவருக்கு ஹெச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. டல்லாஸ், நியூஜெர்சி, சியாட்டில், மினியாபொலிஸ் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நான் ஹெச்-4 விசாவில் போகிறேன். இப்போதைக்கு வேலை செய்ய முடியாது, கார் ஓட்டவும் தெரியாது. மகனுக்கு நான்கு வயது. தெற்கு மாநிலங்களில் அன்பாகப் பழகுவார்கள், நியூயார்க் பக்கம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்கிறார்கள். பழக்கவழக்கத்துக்கும் நிம்மதியான வாழ்க்கைக்கும் எந்த ஊர் நல்லது?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. 2013-இல் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் முதலான உளவியலாளர்கள், பதினைந்து லட்சம் பேருக்கு மேல் நிரப்பிக் கொடுத்த ஆளுமைக் கேள்வித்தாள்களை வைத்து அமெரிக்காவை மூன்று குணப் பிரதேசங்களாகப் பிரித்தார்கள். நடு மேற்கும் தெற்கில் பெரும்பகுதியும் இணக்கமானவை, மரபில் பிடிப்புள்ளவை. மேற்குப் பகுதி நிதானமானது, புதியதை விரும்புவது. வடகிழக்கு படபடப்பானது, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் தெற்கத்திய உபசாரத்துக்கு உதாரணம் காட்டும், டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலம் ஓரளவு அந்தப் படபடப்புக் கூட்டத்தில்தான் விழுந்தது.

1990-களில் ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் வேறு மாதிரி சோதித்தார். 36 நகரங்களில் தெருவில் பேனாவைத் தவறவிட்டும், பார்வையில்லாதவர் போலச் சாலையோரம் நின்றும், யார் உதவிக்கு வருகிறார்கள் என்று பார்த்தார். முதலிடம் ராச்செஸ்டர், கடைசி இடம் நியூயார்க் நகரம். இரண்டும் ஒரே மாநிலத்தில்தான் இருக்கின்றன. உதவும் குணத்தோடு மிக அதிகமாகப் பொருந்திப்போனது மக்கள் நெருக்கம். கூட்டம் கூடக்கூட உதவி குறைந்தது.

இவையெல்லாம் சொல்வது முன்பின் தெரியாதவர்களிடம் காட்டும் மரியாதையைப் பற்றி. உங்களுக்கு வேண்டியது சிநேகிதம். டல்லாஸில் கடையில் பில் போடுகிறவர் உங்கள் பையனின் சட்டையைப் பாராட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் கைகாட்டுவார். இரண்டாவது சந்திப்பிலேயே எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்கவும் கூடும். தவறான எண்ணத்தில் கேட்பதில்லை, அங்கே அது ஊர் விசாரிப்பது மாதிரி. ஆனால் அந்தக் கைகாட்டல் காபிக்குக் கூப்பிடுவதாக மாற வருடக்கணக்காகலாம். மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்துக்காரரின் பணிவுக்கு ‘மினசோட்டா நைஸ்’ என்று பெயரே உண்டு. எல்லா இடத்துக்கும் வழி சொல்வார், தன் வீட்டுக்கு மட்டும் சொல்லமாட்டார் என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். சியாட்டிலின் ஒட்டாத சுபாவத்துக்கு ‘சியாட்டில் ஃப்ரீஸ்’ என்று பெயர். நியூஜெர்சியில் சிரிக்கமாட்டார்கள்தான். பனியில் உங்கள் கார் புதைந்து நின்றால், ஏன் இங்கே நிறுத்தினீர்கள் என்று திட்டிக்கொண்டே மண்வெட்டியோடு வருவார்கள். எனக்கு அந்த ரகம் பிடிக்கும்.

எந்த ஊரென்று கேட்கிற குடும்பங்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகமே பாதி ஊர். சனி, ஞாயிறில் கோயில், தமிழ்ப் பள்ளி, பிறந்தநாள் விருந்து என்று எந்தப் பெருநகரத்திலும் பொழுது போய்விடும். தனிமை வாரநாட்களில்தான் வருகிறது, பெரும்பாலும் ஹெச்-4-இல் வந்த மனைவிக்கு. நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடை, நூலகம், பூங்கா, ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு வரும் இன்னொரு அம்மா இருந்தால் மூன்று மாதத்தில் ஒரு வட்டம் உருவாகிவிடும். இல்லாவிட்டால் எவ்வளவு அன்பான மாநிலமானாலும் கணவர் ஆறு மணிக்குத் திரும்பும்வரை அடுக்ககத்தின் நான்கு சுவர்தான்.

அந்தக் கணக்கில் டல்லாஸ் உங்களுக்குக் கடினம். ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங், காப்பெல் என்று நம்மவர்கள் நிறைந்த புறநகர்கள் உண்டு. ஃபிரிஸ்கோவில் ஹனுமான் கோயிலும் இருக்கிறது. ஆனால் எல்லாம் காரை நம்பிக் கட்டிய ஊர்கள். ஃபிரிஸ்கோ, ‘டார்ட்’ என்னும் ரயில், பஸ் அமைப்பில் சேரவே இல்லை. கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் வெயிலில் நடைபாதை இருந்தாலும் நடக்கமுடியாது. ஒன்று மட்டும் டெக்சாஸுக்குச் சாதகம்: செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிரம்பிய, வீட்டில் வேறு மொழி பேசி ஆங்கிலம் சரியாக வராத குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியில் ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) இலவசம். தமிழ் மட்டும் பேசும் பையன் என்றால் வருமானம் பார்க்காமல் இடம் கிடைக்கலாம். தனியார் டேகேருக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

சியாட்டிலில் நம்மவர்கள் இருப்பது கிழக்குப் பக்கம், பெல்வியூ, ரெட்மண்ட் வட்டாரத்தில். 2024-இல் அங்கே லைட் ரயில் ஓடத் தொடங்கி, அடுத்த வருடம் ரெட்மண்டின் மையம்வரை வந்துவிட்டது. கார் இல்லாமல் சமாளிக்கலாம். அடுக்ககம் முழுக்க இந்தியக் குடும்பங்கள் என்பதால் ‘ஃப்ரீஸ்’ உங்களை அதிகம் தொடாது. மழையைப் பற்றி வீணாகப் பயப்படுத்துவார்கள். வருடக் கணக்கில் சென்னையில் பெய்வது சியாட்டிலைவிட அதிகம். சிரமம் இருட்டு. டிசம்பரில் மாலை நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறையும், பகலிலும் வானம் சாம்பல் நிறம். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. தனி வீடு வாங்கும் ஆசையிருந்தால் பத்து லட்சம் டாலருக்கு மேல் எடுத்துவையுங்கள்.

மினியாபொலிஸின் குளிர் ஊரறிந்தது, அதை நான் விளக்க வேண்டாம். மருத்துவம், பூங்கா, ஏரி எல்லாம் அமெரிக்காவின் மேல்வரிசை. மக்கள் நீண்ட ஆயுளோடு வாழும் மாநிலங்களில் மினசோட்டா ஒன்று. குழந்தை கொஞ்சம் வளர்ந்து, நீங்களும் கார் ஓட்டத் தொடங்கிய பிறகு போக வேண்டிய ஊர் அது.

ஆக, உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது நியூஜெர்சி. அதிலும் ஜெர்சி சிட்டி, இல்லையென்றால் எடிசன், ஈசலின் பகுதியில் ஓக் ட்ரீ சாலையை ஒட்டிய அடுக்ககங்கள். காய்கறி, தோசை மாவு, பிள்ளைகள் டாக்டர், நியூயார்க் ரயில், எல்லாம் எட்டும் தூரம். ஜெர்சி சிட்டியில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அரசு ப்ரீ-கே இலவசம். இடத்துக்குப் போட்டி இருக்கும், போனதும் பதிவுசெய்யுங்கள்.

இதே ஜெர்சி சிட்டியில் 1987-இல் பொட்டைக் கேலிசெய்து ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பல், இந்தியர்களை ஊரைவிட்டே துரத்துவோம் என்று பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள். இன்று அங்கே நியூவார்க் அவென்யூவின் ஒரு பகுதிக்கு ‘இந்தியா ஸ்கொயர்’ என்று பெயர். மாறாக, நட்புக்குப் பெயர்போன பிளேனோவில் 2022 ஆகஸ்டில் கார் நிறுத்துமிடத்தில் நான்கு இந்திய வம்சாவளிப் பெண்களை ஒருத்தி இனவெறியோடு திட்டித் தாக்கி, மறுநாள் கைதானாள். ஊரின் குணம் கல்லில் எழுதியதல்ல.

செலவைப் பொறுத்தவரை, டெக்சாஸிலும் சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது என்று கணவர் ஏற்கெனவே கணக்குப் போட்டிருப்பார். டெக்சாஸ் அதைச் சொத்து வரியில் வசூலித்துக்கொள்கிறது: டல்லாஸ் புறநகர்களில் வீட்டு மதிப்பில் இரண்டு சதவீதத்தை ஒட்டி. நியூஜெர்சியில் இரண்டும் உண்டு. சொத்து வரி மட்டும் சராசரியாக வருடம் பத்தாயிரம் டாலரை ஒட்டி வரும். வாடகைக்கு இருக்கும்வரை அது நேராகத் தெரியாது, வாடகையில் தெரியும். ஜெர்சி சிட்டி வாடகையைப் பார்த்ததும் கணவர் டல்லாஸ் என்பார். இரண்டாவது கார், அதன் இன்ஷூரன்ஸ், இலவச ப்ரீ-கே கிடைக்காவிட்டால் டேகேர் மூன்றையும் டல்லாஸ் பக்கம் சேர்த்துக் கூட்டிக் காட்டுங்கள்.

வரியைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஹெச்-1பி-யில் வேலை போனால் அடுத்த நிறுவனம் தேட அதிகபட்சம் 60 நாள். உங்கள் நான்கு ஊர்களிலும் நிறுவனங்கள் ஏராளம், பயமில்லை. நாளை யாராவது வாடகை மலிவு, மனிதர்கள் தங்கம் என்று இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனுக்கோ ஆர்கன்சாவின் பென்டன்வில்லுக்கோ கூப்பிட்டால் யோசியுங்கள். இரண்டும் இனிமையான ஊர்கள், நம்மவர்களும் நிறைய. ஆனால் ஒன்று ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையும் மற்றது வால்மார்ட்டையும் நம்பி நிற்பவை. அங்கே வேலை போனால் பெரும்பாலும் ஊரையே மாற்ற வேண்டும்.

கிரீன் கார்டுக்காக நிறுவனம் கணவர் பெயரில் போடும் ஐ-140 மனு அங்கீகாரமானால் நீங்களும் வேலை அனுமதி கேட்கலாம். 2015 முதல் அந்த வழி இருக்கிறது. அப்போது டல்லாஸ் பற்றி மறுபடி பேசலாம்.

இங்கிருந்தே ஒரு வருட லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் மாதம் நிறுவனச் செலவில் தற்காலிகத் தங்குமிடம் கேளுங்கள், பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன. அந்த மாதத்தில் பையனோடு பகலில் நடந்து பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் தீர்மானிக்கும் என்பதால் அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்து. விமானம் ஏறுமுன் இங்கேயே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் கிளட்ச், கியர் தொல்லை இல்லை. சாலையின் வலது பக்கம் ஓட்டுவது சில நாளில் கைவந்துவிடும்.