தலையில் கை வைக்கப்போவது யார்? – வாங்குபவர் கேள்வி-பதில்

கேள்வி: முடி நட கோவை கிளினிக் ஒன்றில் விசாரித்தேன். 4,000 கிராஃப்ட் (பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து), ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம். இன்றே 20,000 முன்பணம் கட்டினால் பெரிய தள்ளுபடி என்கிறார் ஆலோசகர். கட்டலாமா? (குன்னூர்)

கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் கிராஃப்ட் கணக்கு இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது, டாக்டர் பெயர் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி இப்படித்தான். ஆலோசகர் என்பவர் விற்பனை ஆள். தலையை டாக்டர் சோதிக்காமல் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? பின்மண்டையில் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. இன்றைக்கே அள்ளிவிட்டால், பின்னால் உச்சியில் கொட்டும்போது நடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். நிமிடத்துக்கு எட்டு கிராஃப்டுக்கு மேல் எடுத்து நட வேண்டும். ஒரு டாக்டரின் கையால் ஆகிற வேலையா அது? மற்ற கைகள் யாருடையவை? தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது: பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் மருத்துவம் போன்ற துறையில் முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், உதவியாளர்கள் அவர் கண்காணிப்பில் உதவலாம், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது. 2016-இல் சென்னையில் முடி நடப் போய் உயிரை விட்டவர் ஒரு மருத்துவ மாணவர். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி.

டாக்டரின் பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். தலையில் கீறுவது யார், எடுப்பது யார், மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் பக்கத்தில் இருக்கப்போவது யார் என்று எழுதி வாங்குங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். விலை கிராஃப்டுக்கா முடிக்கா என்பதும் அதில் வரட்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

‘இன்றைக்கு மட்டும்’ என்று என்னிடமும் கீசருக்கு முன்பணம் வாங்கினார் ஒரு கடைக்காரர். அடுத்த வாரம் அதே கீசர் அங்கேயே இன்னும் மலிவு. பணத்தைத் திருப்பித் தரவே இல்லை. கீசரை மாற்றிக்கொள்ளலாம், தலையை முடியாது.

கேள்வி: நட்டு மூன்று வாரம். நட்ட முடி சீப்போடு வருகிறது. ஏமாந்துவிட்டேனா? (கோத்தகிரி)

இல்லை, பயப்படாதீர்கள். நட்ட முடி முதல் இரண்டு மாதத்துக்குள் உதிர்வது வழக்கம்தான். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். வந்ததா இல்லையா என்று சொல்ல ஒரு வருடம் ஆகும், உச்சியில் இன்னும் தாமதமாகும். இதை முன்கூட்டியே சொல்லாத கிளினிக்மேல்தான் எனக்குக் கோபம். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஐந்தாம் நாள் குளிர் தாங்காமல் மங்கி குல்லா போட்டேன், அதன்மேல் ஹெல்மெட் போட்டு வேலைக்கும் போனேன். ரத்தம் கசிகிறது. கிளினிக்மேல் புகார் தரலாமா? (ஊட்டி)

எதற்காக? கையில் தந்த தாளைப் படித்தீர்களா? முதல் பத்து நாள் நட்ட இடத்தில் எதுவும் உரசக்கூடாது. குளிருக்குக் காதைச் சுற்றி மப்ளர் கட்டலாமே. ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டவும் கூடாது, ஆகவே பஸ்ஸில் போங்கள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒன்றரை வருடம் ஆயிற்று. முன்னால் எதுவும் வரவில்லை, பின்மண்டை முழுக்கத் திட்டுத்திட்டாகச் சொட்டை. போனை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பில் தரவில்லை, ஜிபேயில் கட்டினேன். (கூடலூர்)

உங்களுக்கு நடந்தது அநியாயம், விடாதீர்கள். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான், அழித்துவிடாதீர்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. கோவை அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடம் காட்டி, இப்போதைய நிலையை எழுதி வாங்குங்கள். காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் கெடு இரண்டு வருடம். அதில் ஒன்றரை போய்விட்டது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், இந்த மாதமே மனுவை எழுதுங்கள்.

கேள்வி: வயது 21. முன்நெற்றி ஏறுகிறது. உடனே நட்டுவிடலாமா? (கொடைக்கானல்)

வேண்டாம் தம்பி. எதுவரை கொட்டும் என்று இன்னும் தெரியாது. முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வழுக்கையில் முடி முளைக்கும் என்று டூரிஸ்ட் கடையில் மூலிகைத் தைலம் விற்கிறார்கள். வாங்கலாமா? (குன்னூர்)

வாங்காதீர்கள். வழுக்கையைக் குணமாக்கும் என்று சொல்லி மருந்து விற்பதே சட்டப்படி தவறு.