மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளை எழுதியவர் ஒரு பேராசிரியரா? எதற்காக எழுதினார்?

ஆமாம், கிளீவ் மோலர். 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். லின்பேக், ஐஸ்பேக் என்ற நிரல் நூலகங்களின் உருவாக்கத்தில், அதாவது அணிகளை (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்கள், matrix) வைத்துக் கணக்கிடும் ஆயத்த நிரல்களின் தொகுப்புகளில், அவருக்கும் பங்குண்டு. அவற்றை மாணவர்கள் பயன்படுத்த வேண்டுமென்றால் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி, அதைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி (கம்பைல் செய்து), பிழை வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு சின்னச் சமன்பாட்டுத் தொகுதிக்கு இவ்வளவு பாடா! அந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் மேட்லேப். முதல் வடிவத்தில் இருந்த ஒரே தரவு வகை அணிதான். கேட்டவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்.

அப்புறம் ஜாக் லிட்டில் என்ற பொறியாளர் அதை சி மொழியில் திருப்பி எழுத, 1984இல் அதை விற்கும் மேத்வொர்க்ஸ் நிறுவனம் பிறந்தது. என்னைக் கேட்டால், மோலரின் இன்னொரு சாதனை அவருடைய ஆய்வு மாணவர் ஜாக் டோங்கரா. கணினியியலின் மிக உயரிய விருதான டூரிங் விருது, 2021க்கு டோங்கராவுக்குத்தான்.