வாசகர் கேள்வி – பதில்: வரியும் கட்டி, நன்கொடையும் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: குவாசுலு-நடால் பல்கலைக்கழக மாணவர்களின் உதவித்தொகைக்கு நிதி திரட்ட எங்கள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வரி கட்டியவன்; இரண்டு பிள்ளைகளையும் கடன் வாங்கித்தான் படிக்க வைத்தேன். அரசுப் பல்கலைக்கழகத்தை அரசு பார்த்துக்கொள்ளட்டுமே. நாம் கொடுக்கத் தொடங்கினால் அது தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாதா?
– ஓய்வுபெற்ற வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஐயா, உங்கள் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது, அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் மானியம், எத்தனை மாணவர்கள் எந்தெந்தத் துறைகளில் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள், எவ்வளவு ஆய்வு வெளியாகிறது என்பவற்றையே முக்கியமாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நன்கொடையாக வந்த தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிற வழக்கம் அந்தக் கணக்கில் இல்லை. அதைவிட, பணம் கட்ட முடியாமல் மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவி படிப்பை நிறுத்திவிட்டால், அவள் பட்டம் பெற்றிருந்தால் வந்திருக்கும் மானியமும் சேர்ந்தே போய்விடுகிறது. அவள் பாக்கியை நாம் அடைத்தால் அரசின் பணமும் பின்னால் வரும்.

இந்தச் சந்தேகம் நம் முன்னோருக்கும் வந்திருக்கும். 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து நம்மவரை இறக்கிய பிறகு, கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டித்தர நடால் அரசு ஓடி வரவில்லை. நம்மவர்களே நிலம் தேடி, காசு திரட்டி, கட்டடம் எழுப்பிவிட்டு, ஆசிரியர் சம்பளத்தையாவது கொடு என்று அரசின் கதவைத் தட்டினார்கள். அரசு உதவி பெற்ற இந்தியப் பள்ளிகள் இம்மாகாணத்தில் பெருகியது இப்படித்தான். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே இருந்தபோது மக்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்ததே 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரி. 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்து, ரயில் நிலையத்தில் சுமை தூக்கி, பின்னர் வாழைத் தோட்டம் போட்டு உயர்ந்த எம். எல். சுல்தான் அவர்கள் அள்ளிக் கொடுத்த பணத்தால் உருவான தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வேர். கொடுத்தவர்கள் யாரும் அரசைக் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை. கொடுத்துவிட்டோம் என்ற உரிமையோடு இன்னும் உரக்கக் கேட்டார்கள்.

நீங்களும் அப்படிக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. உயர்கல்வியைப் படிப்படியாக எல்லோருக்கும் எட்டச் செய்ய வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு அரசுக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்தில் 2018 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வைத்த வரம்பு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ரேண்ட். கணவர் ஆசிரியர், மனைவி செவிலியர் என்ற வீடு அதைத் தாண்டிவிடுகிறது. முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்டும் வசதியோ அவர்களுக்கு இல்லை. 2015-இல் நாடெங்கும் மாணவர்கள் கட்டண உயர்வுக்கு எதிராக வீதிக்கு வந்தபோது, அடுத்த ஆண்டு உயர்வு இல்லை என்று அரசு இறங்கி வந்தது; கேட்டதால் கிடைத்தது அது. (மறு ஆண்டுப் போராட்டத்தில் இதே பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரிச் சட்ட நூலகம் தீக்கிரையானதை நான் எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க மாட்டேன்.) உயர்கல்விக்கான நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களானால் பட்டதாரிகள் பேரவையில் அவர்களுக்கு இடம் உண்டு. கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். சட்டப்படி பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில் நூற்றுக்கு அறுபது பேராவது அங்கே வேலை செய்யாத, படிக்காத வெளியாராக இருக்க வேண்டும். வெளியார் என்றால் நாம்தானே?

கேள்வி: கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம் அம்மா. "உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று ஒரு கல்லூரியை எங்களுக்கு ஒரு காலத்தில் கொடுத்தார்கள். நிறவெறி ஆட்சியின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் மற்றப் பல்கலைக்கழகங்களின் கதவை இந்தியருக்கு அடைத்த பின், டர்பன் துறைமுகத்தின் சேலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுச்சென்ற கொட்டகைகளில் 1961-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குப் படகேறிப் போனவர்களில் நானும் ஒருவன். அதை எங்கள் கல்லூரி என்று சொல்ல நாங்கள் வெட்கப்பட்டோம். அதுவே பிறகு வெஸ்ட்வில் குன்றுக்கு இடம்பெயர்ந்து, 2004-இல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்று எந்த இனத்துப் பிள்ளையும் நுழையும் வளாகமாக நிற்கிறது. பிரித்து வைக்கக் கட்டியதைப் பொதுவாக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று; நம் காசால் மறுபடி வேலி போட வேண்டாம்.

தமிழுக்குச் செய்ய ஆசையிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. வெஸ்ட்வில்லில் ஒரு காலத்தில் தமிழ் பாடமாகவே இருந்தது. அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவும் மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் சேரும் தலைகளை எண்ணி மானியம் தரும் முறையில், மாணவர் இல்லாத பாடம் நிலைப்பது கடினம். ஆகவே தமிழ் படிக்க முன்வரும் எவருக்கும், அவர் சூலுப் பெண்ணானாலும் சரி, உதவித்தொகை என்று எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: சிறு தொகை கொடுத்தால் பயன் உண்டா? வரிச்சலுகை கிடைக்குமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இரண்டும் உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி ரசீது கேட்டு வாங்குங்கள். வரிக்குரிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். தொகை சிறிதென்றால் கோயில், சங்கம் என்று பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, இறுதி ஆண்டு மாணவர் ஒருவரின் பாக்கிக்கு என்று குறிப்பிட்டுக் கொடுங்கள்.