மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: 381 நாள் தாக்குப்பிடித்தது எப்படி?

வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானதால், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பேருந்துகளில் ஏற மறுத்தார்கள். 1955 டிசம்பர் 5-ல் தொடங்கிய அந்தப் போராட்டம் பற்றி வாசகர்கள் கேட்டவை.

ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கான இருக்கையிலா உட்கார்ந்தார்?

இல்லை. முன்பக்கத்து 10 இருக்கைகள்தான் வெள்ளையருக்கு. அவர் இருந்தது அதற்குப் பின்னால். கூட்டம் ஏறினால் ஓட்டுநர் எல்லையைப் பின்னுக்குத் தள்ளுவார். ஒரே ஒரு வெள்ளையர் நின்றாலும் அந்த வரிசையின் கறுப்பினத்தவர் நான்கு பேரும் எழ வேண்டும். கறுப்பினப் பயணிகளைக் காசை முன்வாசலில் கொடுத்துவிட்டு, இறங்கிப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள். ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு.

பேருந்து இல்லாமல் வேலைக்கு எப்படிப் போனார்கள்?

போராட்டத்தின் உயிரே இதுதான். முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்க வேண்டும் என்ற விதியைக் காட்டி நகராட்சி அதை நிறுத்தியது. அடுத்து சொந்தக் கார்கள், ஏறத்தாழ 300. காலையில் குடியிருப்புகளில் ஏற்றி வேலையிடங்களுக்கு, மாலையில் திரும்ப. நிறுத்தங்கள் மட்டும் 40-க்கு மேல். காருக்குள் கட்டணம் வாங்கினால் அது உரிமமில்லா டாக்சி ஆகிவிடும். அதனால் பெட்ரோல் காசு தேவாலயக் கூட்டங்களில் திரட்டிய நன்கொடையிலிருந்து போனது. உள்ளூர்ச் சமையல்காரரான ஜார்ஜியா கில்மோரும் தோழிகளும் கேக், பை சுட்டு விற்றுக் கொடுத்த பணமும் அதில் சேர்ந்தது. உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்டபோது, லண்டனின் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸ் மூலம் காப்பீடு எடுத்தார்கள்.

ஆரம்பத்திலேயே பேருந்தில் இனப் பிரிவினையை ஒழிக்கக் கேட்டார்களா?

கேட்கவில்லை. மரியாதையான நடத்தை, முன்னிருந்து வெள்ளையரும் பின்னிருந்து கறுப்பினத்தவருமாக, யார் முதலில் வந்தாரோ அந்த வரிசைப்படி இருக்கை, கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். அவ்வளவுதான். அதையும் மறுத்தார்கள். அந்தப் பிடிவாதம்தான் பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து 1956 பிப்ரவரி 1-ல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு போட வைத்தது.

வெற்றி தந்தது வழக்கா, புறக்கணிப்பா?

சட்டத்தை உடைத்தது வழக்கு. மக்களைச் சிதறாமல் வைத்திருந்தது புறக்கணிப்பு. பார்க்ஸ் கைதான வழக்கு மாநில நீதிமன்றங்களில் முடங்கக்கூடும் என்பதால் அவரை இந்த வழக்கில் சேர்க்கவில்லை. பேருந்துப் பிரிவினை செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றவர்கள் ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின். கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில் எழ மறுத்துக் கைதானவர். அவர் பெயர் பாடப்புத்தகங்களில் விடுபடுவது பெரிய அநியாயம்.

உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்த 1956 நவம்பர் 13 அன்றுதான் கார் ஏற்பாட்டுக்கும் உள்ளூர் நீதிமன்றம் தடை போட்டது. ஆணை கையில் வந்த டிசம்பர் 20 வரை, ஒரு மாதத்துக்கு மேல், பெரும்பாலோர் நடந்தே போனார்கள்.