வாசகர் கேள்வி-பதில்: காது கேளாத பிள்ளையின் மனசு

மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு காதிலும் மெஷின். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். ஊருக்குக் கிளம்பும் நாளிலும் விருந்தாளி வரும்போதும் தட்டைத் தூக்கி எறிகிறான். மனநல டாக்டரிடம் காட்டச் சொல்கிறது பள்ளி. காட்ட வேண்டுமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

காட்டலாம். அதற்கு முன் ஒரு வாரம் வீட்டிலேயே இரண்டைக் கவனியுங்கள்.

முதலில் மெஷின். காலையில் மாட்டியதும் அவன் முதுகுப் பக்கம் ஆறடி தள்ளி நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் சாதாரணக் குரலில், வரிசையும் இடைவெளியும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் அவன் கை தூக்க வேண்டும். நேற்று வரை ‘ஷ்’ஷுக்குத் தூக்கியவன் இன்று தூக்கவில்லையென்றால் பேட்டரி இறங்கியிருக்கும், மோல்டின் (காதுக்குள் பொருந்தும் அச்சு) துளையில் அழுக்கு அடைத்திருக்கும், இல்லையென்றால் ட்யூபில் வேர்வைத் துளி நிற்கும். ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் எண் பேட்டரி என்றால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். காது வளர வளரப் பழைய மோல்டு தளர்ந்து விசில் அடிக்கும். அந்தச் சத்தம் தாங்காமல் வீட்டில் யாராவது வால்யூமைக் குறைத்துவிட்டால், பிள்ளைக்கு மெஷின் மாட்டியும் பயனில்லை. புது மோல்டுக்கு அளவு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, அவனுக்குத் தகவல் போகிறதா என்பது. காது கேட்கும் பிள்ளை, நீங்கள் சித்தியிடம் ஃபோனில் பேசுவதைக் காதில் வாங்கியே ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தெரிந்துகொள்கிறான். உங்கள் மகனுக்குப் பை கட்டும்போதுதான் தெரிகிறது. இதைப் பிடிவாதம் என்பது நியாயமில்லை. மாதக் காலண்டரில், கிளம்பும் தேதியின் கட்டத்தில் போகும் வீட்டின் ஃபோட்டோவை மூன்று நாள் முன்பே ஒட்டுங்கள். ராத்திரி படுக்கும் முன் அவனையே அன்றைய தேதியைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் நாளில் உங்கள் வீட்டு ஃபோட்டோவும் இருக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்களோ என்று பிள்ளை பயப்படும். பயணம் ரத்தானால் படத்தைச் சத்தமில்லாமல் கிழிக்காதீர்கள். அவன் எதிரிலேயே அதை அடித்து, காரணத்தையும் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது? உதட்டசைவை மட்டும் நம்ப முடியாது. ‘படம்’, ‘மடம்’ இரண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்; ‘க’ வெளியே தெரியவே தெரியாது. சைகை மொழி கற்றுக்கொடுங்கள், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். சைகை கற்றால் பேச்சு வராது என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. யூடியூபில் வீடியோக்களாகப் பார்க்கலாம். மாம்பழம், பசு எல்லாம் பிறகு வரட்டும். பயம், கோபம், வெட்கம், பொறாமை, ஏமாற்றம் இவற்றிலிருந்து தொடங்குங்கள். கோபத்துக்குச் சொல் இல்லாத பிள்ளைதான் தட்டை எறிகிறது.

மகளுக்கு 14 வயது. சைகையில்தான் பேசுவாள். மூன்று மாதமாகச் சரியான சாப்பாடு, தூக்கம் இல்லை, பள்ளிக்கும் போவதில்லை. ஒரு டாக்டரிடம் போனோம். என் மனைவி கூட இருந்து மொழிபெயர்த்தாள். பத்து நிமிஷத்தில் ‘புத்தி வளர்ச்சி குறைவு’ என்று எழுதிவிட்டார். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகலாமா?
— வாசகர், விவேக் நகர், பெங்களூரு

போங்கள். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனி மனநலத் துறை இருக்கிறது. பழைய சீட்டில் உள்ளதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்மொழிக் கேள்விகள் கொண்ட அறிவுத்திறன் தேர்வு, காது கேளாத பிள்ளையின் அறிவை அளக்காது. அவளுக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும் என்பதைத்தான் அளக்கும். சொல் தேவைப்படாத தேர்வாகக் கேளுங்கள்.

உங்கள் மனைவி மொழிபெயர்க்க வேண்டாம். 14 வயதுப் பெண் அம்மா எதிரில் எல்லாவற்றையும் சொல்ல மாட்டாள். அம்மாவும் அறியாமலே சுருக்கிச் சொல்வார். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பள்ளி ஆசிரியரை அழைத்துப் போகலாம்தான், ஆனால் பிரச்சினையே பள்ளியில் இருந்தால்?

கேள்வியிலும் கவனம் வேண்டும். ‘மனசு பாரமா இருக்கா?’ என்பதை அப்படியே சைகையில் காட்டினால் அவள் நெஞ்சைத் தொட்டுத் தலையாட்டுவாள். ‘நெஞ்சு வலி’ என்று எழுதிவிடுவார்கள். மதியம் யாரோடு சாப்பிடுகிறாய், பொங்கலுக்கு முன்பும் இப்படித்தான் இருந்ததா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். தலையாட்டுவது பதிலாகாது. கேட்டதை அவளே திருப்பிச் சொல்லட்டும்.

காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமோடு, அவள் நன்றாக இருந்தபோது தோழிகளுடன் சைகையில் பேசும் வீடியோ இரண்டு நிமிஷம் இருந்தால் எடுத்துப் போங்கள். சைகையில் புருவமும் முகமும் இலக்கணம். பழக்கமில்லாதவர் அதைப் பதற்றம் என்று நினைத்துவிடலாம். மாத்திரை கொடுத்த பிறகு கை நடுக்கமோ பார்வை மங்கலோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கையும் கண்ணும்தான் அவளுக்குப் பேச்சு.

திடீர் மாற்றம் என்பதால் இன்னொன்றையும் விசாரித்தே ஆக வேண்டும்: யாராவது அவளிடம் தவறாக நடந்தார்களா? சொல்லத் தெரியாது என்ற தைரியத்தில் இந்தப் பிள்ளைகளைக் குறிவைப்பவர்கள் உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. வாக்குமூலம் எடுக்கும்போது குழந்தையின் தொடர்பு முறை தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்ள குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இடம் தருகிறது.

சாவைப் பற்றிப் பேசினாலோ உடம்பில் கீறிக்கொண்டாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக விடாதீர்கள். உங்களுக்கே மனம் தாங்கவில்லையென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

தம்பிக்குக் காது கேட்காது. 11 வயது அக்காதான் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்வாள். இப்போது ‘நான் சொல்ல மாட்டேன்’ என்று அழுகிறாள். பொறாமையா?
— வாசகி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு

இல்லை, களைப்பு. டாக்டர் அறை, பள்ளி மீட்டிங், உங்கள் இருவரின் சண்டை: இந்த மூன்றிலும் அவளை மொழிபெயர்க்க விடாதீர்கள். மற்ற நேரத்தில் ‘நீ சொல்கிறாயா?’ என்று கேளுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அவளோடு மட்டும் இருக்க வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவளுக்குத் தெரிந்த சைகைகளை அப்பாவுக்கும் தெரிய வையுங்கள். இரவுச் சாப்பாட்டில் முதல் பத்து நிமிஷம் தம்பியோடு பேசுவது அவர் வேலையாக இருக்கட்டும்.