இன்ச் டேப்பைத் தூக்கி வையுங்கள்

வணக்கம் ஐயா. வயது 56, எடை 70 கிலோ. மஞ்சக்குப்பத்தில் ஜிம்மில் சேர்ந்து ஆறு வாரம். 5 கிலோ டம்பெல்லில் தொடங்கி இப்போது 10 கிலோ தூக்குகிறேன். ஆனால் இன்ச் டேப்பில் கை அதே அளவுதான். வீட்டில் சிரிக்கிறார்கள். காலுக்குத் தினமும் சில்வர் பீச் நடை போதும்தானே? மெஷின் நல்லதா, டம்பெல்லா? புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?
— ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கட்டும். ஆறு வாரத்தில் பாரம் இரட்டிப்பு, இன்னும் என்ன வேண்டும்? முதல் ஒன்றிரண்டு மாதம் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பின் வேலை. சும்மா கிடந்த தசைநார்களையும் மூளை சேர்த்து எழுப்பக் கற்றுக்கொள்கிறது. சதை டேப்பில் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

மெஷினா, டம்பெல்லா? எது காலியாக இருக்கிறதோ அது.

எனக்குக் கோபம் அந்த 'போதும்தானே'வில். நடை இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். தொடைக்கு அது ஒரு பாரமே இல்லை. வயது ஏற ஏற அதிகம் மெலிவது வேகமாகச் சுருங்கும் தசைநார்கள். தடுக்கினால் சட்டென்று காலை முன்னே வைத்துத் தாங்குவது அவைதான். கை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா? முடியாதென்றால் டம்பெல் பேச்சே வேண்டாம்.

கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் தோள் அகலம். பின்புறத்தைப் பின்னுக்குத் தள்ளி, மூன்று எண்ணும் நேரம் இறங்குங்கள். 'தொப்'பென்று உட்கார்ந்தால் பாதிப் பயன் போச்சு. நாற்காலியைத் தொட்டதும் எழுங்கள். எழும்போது மூச்சை விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். முட்டி உள்ளே சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசை ஒத்துழைக்கவில்லை, முட்டியைப் பாதத்தின் திசையிலேயே நிறுத்துங்கள். குதிகால் கிளம்பினால் கணுக்கால் இறுக்கம், அடியில் மெல்லிய பலகை வையுங்கள். பத்துப் பத்தாக மூன்று செட், நடுவே இரண்டு நிமிடம். வாரம் இரண்டு நாள், தொடர்ந்தாற்போல் வேண்டாம். பன்னிரண்டு எடுத்தும் தெம்பு மிச்சமிருந்தால், 2 கிலோ அரிசியைப் பையில் கட்டி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 4. தசை ஒரு மாதத்தில் தயாராகிவிடும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் ஆகாது. அவசரப்பட்டால் முட்டிக்குக் கீழே வலி பிடிக்கும்.

பவுடரா? உங்கள் எடைக்கு நாளைக்கு 85 முதல் 110 கிராம் புரதம். முட்டைக்கு 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமுக்கு 20. முதுநகர் மீன் கிடைக்கும் ஊரில் டப்பா எதற்கு? சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த கடிதத்தில் கை அளவு வேண்டாம். பையில் எத்தனை கிலோ என்று எழுதுங்கள்.